ஜெயித்தவர் துடைத்து முடிப்பதற்குள்

கண்ணாடிக்காரர் தோற்று யாரும் பார்த்ததில்லை. ஜெயித்த காசை அவர் வாங்கியும் யாரும் பார்த்ததில்லை. இரண்டாவதைப் பற்றி ஊரே பேசியது. முதலாவதைப் பற்றிப் பேச அவர் ஒருவர்தான் இருந்தார்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வில்லைகளின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்கிறார். மயிரிழை குறைவாகத் தேய்த்தால் வில்லை உள்ளே உட்காராது, மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் போட்டவர் குனிந்ததும் கீழே விழும். இப்படிப் பழகிய கண்ணுக்கு, பச்சைத் துணி விரித்த மேசையில் ஒரு பந்து இன்னொன்றை எந்த இடத்தில் தொட்டால் எந்தக் குழிக்குள் போகும் என்பது பெரிய சங்கதியே இல்லை. புதன்கிழமை மதியத்தோடு கடை அடைத்துவிடுவார்கள். அடுத்த பத்தாவது நிமிடம் அவர் பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கட்டடத்தில், மாடியில் இருக்கும் பில்லியர்ட்ஸ் கூடத்தில் நிற்பார்.

அங்கே நான்கு மேசைகள். அதில் ஒன்றின் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கும். சுவரில் "பணம் வைத்து ஆடக் கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. அதற்கு நேர் கீழே நின்றுதான் எல்லோரும் பந்தயத் தொகை பேசுவார்கள். அந்த நேரத்தில் கூடத்துக்காரர் கைபேசியை எடுத்து வெகு கவனமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

வழக்கமாக வருகிறவர்கள் கண்ணாடிக்காரரோடு பந்தயம் கட்டமாட்டார்கள். தோற்பதற்கு என்று தனியாகக் காசு சேர்த்து வைக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? அதனால் அவருக்குக் கிடைப்பதெல்லாம் முன்பின் தெரியாத ஆட்கள், பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி இருக்கிறதே என்று படியேறி வருகிறவர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பேருந்துக்குக் காத்திருப்பவன் கையில் தப்பிக்கப் பேருந்தும் இருக்கிறது.

அவர் இங்கே ஆட ஆரம்பித்த ஒன்பது வருடத்தில் அவருக்குக் கம்பி நீட்டியவர்கள் விதவிதமானவர்கள். பர்ஸ் வண்டியில் இருக்கிறது என்று எடுக்கப் போனவர் இன்னும் எடுத்துக்கொண்டே இருக்கிறார். ஒருவர் கைபேசியில் அனுப்பிவிட்டேன், சிக்னல் வந்ததும் வந்துவிடும் என்றார், சிக்னல் வந்தது. ஒருவர் அடமானமாகத் தலைக்கவசத்தை வைத்துவிட்டுப் போனார். அதன் பின்பக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. இன்னொருவர் கொடுத்த எண்ணுக்குக் கூப்பிட்டால், மாட்டுக்கு என்ன உடம்பு என்று மறுமுனையில் கேட்டார்கள். ஒரு மனுஷன் தோற்ற கையோடு கண்ணைக் கசக்க, கண்ணாடிக்காரர் பந்தயத்தை மறந்துவிட்டு, கூடத்துக்காரரிடம் கைமாற்று வாங்கி அவருக்குப் பயணச் செலவுக்குக் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் இவர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பேருக்கு வாய்ப்பை உண்டாக்கிக் கொடுத்ததே இவர்தான். கடைசிப் பந்து விழுந்ததும் வேறு யாராக இருந்தாலும் முதலில் கையை நீட்டுவார்கள். இவர் குச்சியைக் கழற்றுவார். இரண்டு துண்டாகத் திருகிக் கழற்றுகிற சொந்தக் குச்சி அது. பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து வில்லை துடைக்கும் மெத்துத் துணியை எடுத்து, நுனி முதல் அடி வரை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு தடவை துடைத்து உறைக்குள் வைப்பார். நான்கு நிமிடம் ஆகும். வேலை முடிந்தால் முதலில் கருவி, பிறகுதான் வாடிக்கையாளர் முகம் என்பது கடையில் படிந்த பழக்கம். கடையில் அது சரி. அங்கே கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருப்பார். இங்கே நிமிர்ந்து பார்த்தால் எதிரே மேசைதான் இருக்கும்.

கூடத்துக்காரர் ஒருமுறை சொல்லியும் பார்த்தார். "அண்ணே, குச்சி எங்கயும் ஓடாது. ஆளுதான் ஓடுவான். முதல்ல ஆளைப் பிடிங்க."

"ஜெயிச்ச உடனே காசுன்னு நின்னா அசிங்கமா இருக்காதா?" என்றார் கண்ணாடிக்காரர்.

காசு வராதது அவருக்கு அவ்வளவு பெரிய வருத்தம் இல்லை. வீட்டில் கேட்கிற கேள்விதான் வருத்தம். அவர் மனைவி பேருந்தில் நடத்துநர். சில்லறை பாக்கி வைக்காதவர், டிக்கெட் எடுக்காதவனை வாசனை பிடித்தே கண்டுபிடிப்பவர் என்று பெயர் வாங்கினவர். புதன்கிழமை இரவு கண்ணாடிக்காரர் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி, வெள்ளைப் பந்து எப்படிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது என்று முழு ஆட்டத்தையும் சொல்லி முடிப்பார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"காசு எங்க?"

இந்தக் கேள்விக்கு ஒன்பது வருடமாகப் பதில் இல்லை. ஜெயித்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவனுக்கும் தோற்றுவிட்டு வெறுங்கையோடு வருகிறவனுக்கும் பார்வைக்கு என்ன வித்தியாசம்? போன மாதம் மச்சினன் வீட்டுக்கு வந்தபோது, எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தான். "மாமா ஒன்பது வருஷமா தோத்துட்டு வந்து கதை சொல்றாரு. அக்காவும் கேட்டுக்கிட்டிருக்கு." மனைவி அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கண்ணாடிக்காரருக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஒரே ஒரு தடவை, ஜெயித்த காசைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அதை அவள் அடுப்பில் போட்டாலும் சரி என்று முடிவு கட்டினார்.

அடுத்த புதன்கிழமை மஞ்சள் சட்டைக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். வாய் நிறையச் சிரிப்பு. பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் கண்ணாடிக்காரரை அண்ணன் ஆக்கிவிட்டார்.

"ஆயிரம் வெச்சுக்கலாமாண்ணே? சும்மா ஒரு ஜாலிக்கு."

"வெச்சுக்கலாம்" என்றார் கண்ணாடிக்காரர். இன்றைக்குக் குச்சியைத் துடைக்காமலே கையை நீட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் காக்கி உடையோடு, தோளில் தோல் பையோடு, படியேறி அவர் மனைவி வந்து நின்றார். எதிர் நிலையத்தில் வண்டிக்கு அரை மணி ஓய்வு. வீட்டுச் சாவியை மறந்து வைத்துவிட்டதால் இவரிடம் இருப்பதை வாங்கிப் போக வந்திருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் இந்தப் படியேறியது இதுதான் முதல் தடவை. கூடத்துக்காரர் காக்கியைக் கண்டு பதறி, பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் கேட்டார். "ஆயிரம்னு காதுல விழுந்துச்சே. யார்கிட்ட இருக்கு அது?"

"ஆட்டம் முடிஞ்சதும் தருவோம்க்கா" என்றார் மஞ்சள் சட்டை.

"எங்க வண்டியில ஏறினதும்தான் டிக்கெட். இறங்கும்போது தர்றேன்னா வண்டி ஓடாது." கையை நீட்டினார். "எடுங்க."

அந்தக் குரலுக்கு மறுபேச்சு பேசத் தெரியாமல் மஞ்சள் சட்டை இரண்டு ஐந்நூறை எடுத்து வைத்தார். கை அப்படியே கணவன் பக்கம் திரும்பியது.

கண்ணாடிக்காரர் பையைத் தடவினார். மெத்துத் துணி இருந்தது. குச்சி நுனியில் தேய்க்கிற சுண்ணக்கட்டி இருந்தது. ஒரு திருகாணியும் இருந்தது.

"உங்க ஆயிரம் எங்க?"

"நான்... காசு எடுத்துட்டு வர்றதில்லையே."

"எப்பவுமேவா?"

"ஜெயிக்கப்போற ஆட்டத்துக்குக் காசு எதுக்கு?"

கூடத்துக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நல்லாயிருக்கு. ஊரெல்லாம் டிக்கெட் இல்லாம ஏமாத்துதுன்னு வீட்டுல புலம்பல். இங்க நீங்களே டிக்கெட் இல்லாமத்தான் இத்தனை வருஷமா ஏறி உக்காந்திருக்கீங்க" என்றார் மனைவி. வண்டிக் காசு இருந்த தோல் பையைத் தொடாமல், இடுப்பில் செருகியிருந்த சொந்தப் பர்ஸை எடுத்து அதிலிருந்து ஆயிரத்தை எண்ணி, மஞ்சள் சட்டையின் காசோடு சேர்த்துத் திரும்பப் பர்ஸுக்குள்ளேயே வைத்தார். "ம். ஆடுங்க."

ஆளுக்கு ஏழு பந்து. தன் ஏழையும் குழியில் போட்டு முடித்தவர் கறுப்புப் பந்தைப் போட்டால் ஆட்டம் தீர்ந்தது. கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். ஆனால் பெண்டாட்டி பக்கத்தில் நின்று, தன் காசையும் பிடித்துக்கொண்டு பார்க்கிறபோது, கை வேறு யாருடையதோ ஆகிவிட்டது. முதல் அடியில், குழிக்குள் போகவே கூடாத வெள்ளைப் பந்தையே உள்ளே அனுப்பினார். இரண்டாவதில் பந்தைத் தொடவே இல்லை. மஞ்சள் சட்டை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, தனக்கு ஒன்று மட்டும் மிச்சம் வைத்தார். இவருக்கு நான்கு மிச்சம். மனைவி முகத்தைப் பார்க்கும் தைரியம் இவருக்கு இல்லை.

அப்போது அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டிக்கு நேரமாச்சு. ஜெயிச்சவங்க வந்து வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஜெயித்தது யார் என்று எப்படித் தெரியும் என்பதை அந்த நேரத்தில் யாருமே யோசிக்கவில்லை.

செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேர்ந்ததும் கை திரும்பி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடைசியாகக் கறுப்பு, மேசையின் நீளம் முழுக்க அவசரமே இல்லாமல் உருண்டு போய் மூலைக் குழியின் விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. இந்த மாதிரி ஒரு அடியை அவர் வாழ்நாளில் அடித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், காசுதான் பத்திரமாக இருக்கிறதே என்ற நிம்மதியும் சேர, குச்சியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நிமிர்ந்தபோது மஞ்சள் சட்டை இல்லை.

"உங்க ஆளு இறங்கின வேகத்தைப் பாத்தா தோத்தவர் மாதிரி தெரியலையே" என்றார் கூடத்துக்காரர்.

கண்ணாடிக்காரர் பாதிக் குச்சியைக் கையில் பிடித்தபடி மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி ஓடினார். தெருவுக்கு வந்தபோது பேருந்து மூலை திரும்பிக்கொண்டிருந்தது. பின்படிக்கட்டில் ஒரு மஞ்சள் சட்டை.

வேலை நேரத்தில் மனைவி கைபேசியைத் தொடமாட்டார். வண்டியைத் துரத்த ஆட்டோ பிடிக்கலாம் என்றால் பையில் இருப்பது சுண்ணக்கட்டி. நான்தான் ஜெயித்தேன் என்று எழுதிக் கொடு என்று கூடத்துக்காரரிடம் கெஞ்சினார். "பணம் வெச்சு ஆட விட்டேன்னு நானே கையெழுத்துப் போடணுமா? நல்லா இருக்குண்ணே" என்று அவர் கையை விரித்துவிட்டார். சாவியும் இல்லாததால் கண்ணாடிக்காரர் வீட்டு வாசற்படியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவி நேரில் பார்த்ததோ, வெள்ளைப் பந்தைக் குழியில் போட்ட கையைத்தான். அதற்கு மேல் ஒருவன் சிரித்த முகமாக வந்து நான்தான் ஜெயித்தேன் என்றால், அவளும் நேர்மையான மனுஷி, கொடுக்காமல் என்ன செய்வாள்? ஆயிரம் போனால் போகட்டும். இனி எந்தக் காலத்திலும் தன்னை நம்பமாட்டாளே.

எட்டு மணிக்கு மனைவி வந்தார். கதவைத் திறந்தார், பையை மாட்டினார், தண்ணீர் குடித்தார்.

"உங்க ஆளு வண்டியில ஏறினாரு" என்றார். "ஜெயிச்சுட்டேன், காசைக் குடுங்கன்னாரு."

"குடுத்துட்டியா?"

"டிக்கெட் எடுங்கன்னேன். எடுத்தாரு. கடைசிப் பந்து எப்படி விழுந்துச்சுன்னு கேட்டேன். அது விழுந்துச்சு, நீங்க காசைக் குடுங்கங்கறாரு." பர்ஸிலிருந்து தன் ஆயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மீதி இரண்டு ஐந்நூறையும் அவர் கையில் கொடுத்தார். "ஜெயிச்ச ஆளு அப்படியா பேசுவாரு? பந்தைப் பத்திப் பேசிப் பேசி என் உயிரை எடுத்திருக்க மாட்டாரா? அடுத்த நிறுத்தத்துல இறக்கிவிட்டுட்டேன்."

கண்ணாடிக்காரர் நோட்டைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். "அப்ப... நான் ஜெயிச்சேன்னு நம்புறியா?"

"இதென்ன புதுசா?"

"உன் தம்பி அன்னிக்குச் சொன்னப்ப நீ ஒண்ணுமே சொல்லலையே. புதன்கிழமை தவறாம நீயும்தான் கேட்டே."

"காசு எங்கன்னு கேட்டேன்" என்றார் மனைவி. "ஜெயிச்சீங்களான்னு என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒன்பது வருடத்துப் புதன்கிழமைகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.