சத்திரத்துச் சுவரில் ஒரு வெடிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஜெகதீசனைத் தேடினால் திண்டிவனம் ரயில் நிலைய வாசலில் கிடைப்பார். முப்பத்தைந்து வருஷம் தபால்காரராகத் தெருத்தெருவாகச் சுற்றிய கால், ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் அடங்கவில்லை. பழைய கட்டடம் பார்க்க வருகிறவர்களைச் சும்மாவே கூட்டிக்கொண்டு நடப்பார். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, திந்திரிணீசுவரர் கோயில் கோபுரம், கடைசியில் யாத்திரிகர் சத்திரம்.

சத்திரம்தான் அவருக்கு உயிர். தேக்குத் தூண், கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. அதில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் காட்டி, "பாத்துக்கங்க, கையே நுழையுது. நூறு வருஷமா ஒரு செங்கல்லு அசையல" என்பார். எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். பெருமை பிடித்த மனுஷன், வேறென்ன சொல்ல.

அந்தச் சத்திரத்தின் பின்கட்டில் ஜெயம் குடியிருந்தாள். மாமனார் காலத்திலிருந்து சத்திரத்தைக் கூட்டி, மாடத்தில் விளக்கேற்றி வந்த குடும்பம். புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்து விற்றுக் காலம் தள்ளினாள். அந்த ஓர் அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

"அண்ணே, அந்த ஓட்டைய வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு இருக்கீங்களே, வேணாண்ணே" என்று ஒருமுறை சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

மாசியில் வந்த கூட்டத்தில் ஒருவன், அவர் சுவருக்குள் கையை விடுவதை வீடியோ எடுத்துப் போட்டான். ஊரே பார்த்தது. பத்தாம் நாள் அதிகாரிகள் வந்து, அதே வெடிப்பில் டார்ச் அடித்துப் பார்த்து, இடிந்து விழும் கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜெகதீசன் நடையாய் நடந்தார். "நீங்கதான சார் வீடியோவுல காட்டினீங்க" என்ற ஒரே பதில்தான் எல்லா மேஜையிலும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அவர் வாயால் ஜெயம் கெட்டாள்.

ஜேசிபி வந்த காலையில் அவள் ஒரு ட்ரங்குப் பெட்டியும் மல்லாட்டை அவிக்கும் குண்டானுமாக ரோட்டோரம் நின்றாள். வல்லத்தில் தூரத்து உறவில் ஓர் அண்ணன், மாட்டுக்கொட்டகையை ஒட்டி இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"உன் குடிய நான் கெடுத்துட்டேம்மா" என்றார் ஜெகதீசன்.

"வுடுங்கண்ணே. நீங்க அதும்மேல ஆசப்பட்டுத்தான சொன்னீங்க. இந்தப் பொட்டிய மட்டும் பஸ்ஸுல ஏத்தி வுடுங்க."

அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். பெட்டியை ஏற்றிவிட்டு, பஸ் போன பிறகும் அங்கேயே நின்று அழுதார்.

அடுத்த ஞாயிறும் ஆட்கள் வந்தார்கள். காலி மனைக்கு முன்னால் ஒரு பெண், "இங்க என்ன சார் இருந்துச்சு?" என்று கேட்டாள். தூணையும் சுண்ணாம்பையும் சொல்ல வாயெடுத்தவர் அதை விட்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ஜெயம்னு ஒரு அம்மா குடியிருந்தாங்க."