சமீராவின் தோளில் கை வைத்தேன்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதர சகோதரிகளே. போன நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம் என் மகள் சமீரா, தன் உம்மாவின் முன்பல்லை உடைத்தாள். குளிக்க வைப்பதற்காகக் கையைப் பிடித்து எழுப்பினாள் என் மனைவி ஹசீனா. அவ்வளவுதான். நெற்றியால் ஒரே முட்டு. ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டின் அடுப்படி வரை ரத்தம். ஓடிப்போய்ப் பிடித்தேன். என் மணிக்கட்டைச் சதை பிய்யக் கடித்தாள்.

சமீராவுக்குப் பதினைந்து வயது. பிறந்ததிலிருந்து கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

"இனிமே என்னால முடியாதுங்க. எங்கயாச்சும் விட்டுடுங்க" என்று ஹசீனா அழுதாள். பெற்றவளே அப்படிச் சொன்னாள். நான் தொழுகையில் ஸஜ்தாவில் விழுந்து கதறினேன். யா அல்லாஹ், இவள் அடிப்பதை நிறுத்து. இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்.

மறுநாளே சமீராவின் பள்ளி ஆசிரியை வாணி அழைத்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோருக்கு ஆங் மோ கியோவில் பயிற்சி நடக்கிறதாம். அங்கே பயிற்சி தருகிறவர்களில் அவரும் ஒருவர். அரைமனதோடு போனேன்.

என் கண்ணைக் கட்டினார்கள். காதை அடைத்தார்கள். திடீரென்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். யார், எங்கே, ஒன்றும் தெரியவில்லை. ஓங்கிக் குத்தினேன். கண்கட்டை அவிழ்த்தால், வாணியின் உதட்டில் ரத்தம்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்!"

"பரவால்ல பாய். ஏன் அடிச்சீங்க?"

"பயந்துட்டேன்."

"சமீராவும் அப்படித்தான் லா."

ஸஜ்தாவில் நான் கேட்ட துஆவுக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. எல்லார் முன்னாலும் அழுதேன்.

பிறகு கற்றுக்கொண்டேன். முதலில் தோளில் மெதுவாகக் கை வைத்துக் காத்திருக்க வேண்டும். நான்தான் என்று அறிய என் தாடியைத் தடவ விட வேண்டும். இழுக்கக் கூடாது, அவள் கைக்கு அடியில் என் கையைக் கொடுக்க வேண்டும். குளியல்தான் என்று அவள் அறிய, குளிக்கப் போகுமுன் துண்டைக் கையில் தர வேண்டும். அதற்குப் பிறகும் பல வாரங்கள் அடி வாங்கினேன். மெல்ல மெல்லக் குறைந்தது.

ஒரு ஞாயிறு, தேக்கா மார்க்கெட்டில் கூட்டம். வழியில் நிற்கிறாளென்று ஒருவர் சமீராவின் கையைப் பிடித்து நகர்த்தினார். அவர் கன்னத்தை நகத்தால் கிழித்துவிட்டாள். அவரும் கை ஓங்கினார். நடுவில் பாய்ந்தேன். அடி என் காதோரம் பட்டது. "ரப்பே!" என்றேன். திரும்பி அவள் தோளில் கை வைத்தேன். காத்திருந்தேன். ஓங்கியிருந்த அவள் முஷ்டி என் தாடிக்கு வந்து விரிந்தது. தடவினாள். அடங்கினாள்.

"தெரியாம பண்ணிட்டேன் பாய்" என்றார் அவர், கன்னத்து ரத்தத்தைத் துடைத்தபடி.

அல்ஹம்துலில்லாஹ். ஹசீனாவும் பயிற்சியை முடித்துவிட்டாள். இன்று காலை மகளுக்குத் தலை பின்னிவிட்டதும் அவள்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை அடிக்கிறதா? துஆ கேளுங்கள், அல்லாஹ் கைவிட மாட்டான். பயிற்சிக்கும் வாருங்கள். முதல் நாள் தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.