ஆணானாலும் பெண்ணானாலும் பிச்சை

பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயர் பிச்சை. சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பால் மறக்கும் முன்பே போய்விட்டன. நான் வயிற்றில் இருந்தபோதே, ஆணானாலும் பெண்ணானாலும் பிச்சைதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பிறந்ததும் என்னை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்தார்களாம். எதிர்வீட்டு அம்மாள் ஒரு படி தவிடு கொடுத்து என்னை வாங்கி, அம்மா மடியிலேயே பிச்சையாகப் போட்டாள். மூக்கும் குத்தினார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் திரும்பிப் போய்விடுவானாம். அந்தத் தழும்பு ஷேவ் செய்யும்போது இன்றைக்கும் கண்ணில் படுகிறது.

லால்குடியில் எங்கள் வகுப்பில் மூன்று பிச்சைகள். ஒருத்தி பெண், ஒருவன் பாய் வீட்டுப் பையன். "ஆம்பளப் பிச்சை, பொம்பளப் பிச்சை, பாய் வீட்டுப் பிச்சை" என்று வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பார். தெருவுக்கு ஒரு பிச்சை இருந்த காலம் அது. அவ்வளவு பிள்ளைகள் செத்தன என்று அர்த்தம். தடுப்பூசியும் ஆஸ்பத்திரியும் வந்தன, பெயர் போயிற்று. எமன் வருவது குறைந்த பிறகு அவனை ஏமாற்றும் பெயர் எதற்கு? நானே கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன் கெஜட்டில் போட்டு மாற்றிக்கொண்டவன்தான்.

"உசிரக் காப்பாத்துன பேருடா" என்றாள் அம்மா.

"உசிரு இருக்கு, மானம் போகுதே" என்று கத்தினேன். சாகும்வரை அவள் புதுப் பெயரால் என்னைக் கூப்பிடவில்லை. பழைய பெயராலும் கூப்பிடவில்லை. "டேய்" என்பதோடு சரி.

என் மகள் முதல் பிரசவத்துக்குத் திருவானைக்காவலில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள் அல்லவா, அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு பெயரைப் போனில் தேடி எடுத்து வைத்திருந்தாள். எந்த ஊர்ப் பெயரோ, என் வாயில் நுழையவில்லை.

"பிச்சைன்னு வைம்மா, அதுவும் ரெண்டுக்கும் பொருந்தும்" என்று கிண்டல் செய்தேன்.

"போங்கப்பா, கர்மம்" என்று சிரித்தாள்.

குழந்தை மாதம் நிறையாமலே பிறந்தது. பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஆபரேஷன் ஆன மகளால் எழுந்து நடக்க முடியவில்லை, மாப்பிள்ளையும் நானும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். பெட்டியில் மகள் பெயரை எழுதி, அவளுடைய குழந்தை என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டுக் காதில் சொல்லும்வரை பெயரை வெளியே விடக் கூடாது என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது.

வீட்டுக்கு வந்தும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "பேருகூட வைக்காம அனுப்பிட்டேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் மூக்கையே பார்த்தாள்.

"அப்பா, நீங்க சொன்ன பேரையே வச்சிருந்தா பொழச்சிருப்பாளோ? நான் சிரிச்சேனே."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நான் வச்சேம்மா. ஒன்பது நாளும் அந்தக் கண்ணாடிகிட்ட குனிஞ்சு பிச்சை, பிச்சைன்னுதான் கூப்பிட்டேன். வேணாம்னு நானே தூக்கிப் போட்ட பேரு. அது காப்பாத்தல. உன் மேல தப்பில்ல."

கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கூப்பிட்டப்ப பாத்தாளா?"

"ஒரு தடவ கண்ணத் தொறந்தா."

"அப்ப பேரோடதான் போயிருக்கா" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து, அந்தப் பெயரைச் சொல்லி அழுதாள்.