கேட்டுவிட்டு ஊற்றிய தண்ணீர்

அம்பத்தூரில் கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர்கள், குடம் நிறைந்ததும் அதிலிருந்து ஒரு கை அள்ளிக் கிணற்றுக்குள்ளேயே திரும்ப விட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குகிறார்கள். இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்தில் இதைக் கவனித்தேன். இரண்டாம் வாரத்தில் கிணற்றுக்குச் சொந்தக்காரியான குப்பம்மாளிடமே காரணம் கேட்டேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாரும் வுடறாங்கோ, நானும் வுடறேன்" என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ரங்கூன் நகரசபையின் லைசென்ஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தவனுக்கு இந்தப் பதில் போதாது. அங்கே ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு விதி எண் உண்டு. விதி எண் இல்லாமல் வந்த சில வழக்கங்களுக்கு நானே ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ரங்கூனில் இன்னும் இருக்கிற நண்பர்களுக்கும், என்னைப் போல ஒரு பெட்டியோடு இந்தக் கரையில் வந்து இறங்கியவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் அங்கே நிரப்பாத படிவம் இல்லை. எல்லாவற்றிலும் 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில், 'அம்பத்தூர், சைதாப்பேட்டை தாலுகா, செங்கல்பட்டு ஜில்லா' என்று அழகாக எழுதி வந்தேன். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. என் தகப்பனார் அம்பத்தூரைச் சேர்ந்த கள்ளிக்குப்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறியவர். நான் ரங்கூனில் பிறந்தேன், அங்கேயே படித்தேன், அங்கேயே தலை நரைத்தேன். பார்க்காத ஊரைச் சொந்த ஊர் என்று முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டு உறுதி செய்தவன், ஒருநாள் அந்த ரயிலடியில் மனைவியோடும் மகளோடும் இறங்கியபோது, எந்தப் பக்கம் நடப்பது என்று ஒரு ஜட்காக்காரனைக் கேட்க வேண்டியிருந்தது.

ஜப்பான்காரன் குண்டு போட்ட அந்த மார்கழியில் ரங்கூனே துறைமுகத்துக்கு ஓடியது. எந்த ஜன்னலில் எந்தச் சீட்டு கிடைக்கும், எந்தக் காகிதத்தை மேலே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆகவே எங்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. என் தங்கை ராஜத்துக்கும் அவள் கணவருக்கும் அதே ஜன்னலில் நானே வாங்கித் தருகிறேன் என்றேன். கடையை ஒழுங்கு செய்துவிட்டு ஒரு வாரத்தில் வருகிறோம் என்றார்கள். அந்த ஒரு வாரத்தில் ஜன்னலை மூடிவிட்டார்கள். அவர்கள் அரக்கான் மலைப் பாதையில் நடந்து புறப்பட்டார்கள் என்பதுவரை எனக்குத் தகவல் உண்டு. அதற்கப்புறம் எந்த அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. நான் எழுதிக் கேட்காத அலுவலகம் கிடையாது.

எங்களைப் போல ரங்கூனிலிருந்து வந்த ஒன்பது குடும்பங்கள், ரயிலடிக்குத் தெற்கே ஒரே தெருவில் வாடகைக்கு அமர்ந்தோம். ஊர்க்காரர்கள் அதற்கு 'ரங்கூன் தெரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஜாதியை நேராகக் கேட்க மனமில்லாமல் மூன்று மாதம் சுற்றி வளைத்தார்களே தவிர, தண்ணீர் கேட்டபோது ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. தெருவுக்கென்று கிணறு கிடையாது. தெரு முனையில் இருந்த தோட்டமும் கிணறும் குப்பம்மாளின் கணவர் முனுசாமி நாயக்கருடையவை. தாம்புக் கயிறும் வாளியும் பகலெல்லாம் அங்கேயே கிடக்கும். ஒன்பது வீட்டு உலையும் அந்தக் கயிற்றில்தான் தொங்கியது. இதை நான் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். அடுத்த கிணறு அரைமைல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை பிறக்கும் அதே நாட்களில் பர்மாவில் திஞ்சான் என்ற தண்ணீர்த் திருநாள் வருவது நம்மவர்களுக்குத் தெரியும். தெருவில் போகிற கவர்னர் ஆனாலும் நனைந்துதான் ஆக வேண்டும். வாலிபர்கள் வாளியால் வீசுவார்கள். ஆனால் மரியாதை தெரிந்தவர்கள் வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அதில் ஓர் இலைக்கொத்தை நனைத்து, எதிரில் வந்து நின்று, "ஊற்றலாமா?" என்று கேட்டுவிட்டு, இடது தோளில் மெதுவாக விடுவார்கள். என் பிரிவின் பியூன் கோ பா தின் வருஷா வருஷம் முதல் கிண்ணத்தை என் தோளில்தான் விடுவான். அதற்கென்றே வெள்ளையில் கழுத்துப்பட்டை இல்லாத ஒரு பர்மியச் சட்டை தைத்து வைத்திருந்தேன். என் மகள் சரோஜாவுக்கு இலையைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான். நாங்கள் கிளம்பிய அன்று அலுவலகச் சாவிக்கொத்தை அவன் கையில் கொடுத்தேன். விதிப்படி அது தவறு. என் உத்தியோக வாழ்க்கையில் நான் தெரிந்து செய்த ஒரே விதிமீறல் அது.

வந்த இரண்டாம் வருஷம் சித்திரை நெருங்கியபோது எங்கள் தெருப் பெண்களுக்கு நிலை கொள்ளவில்லை. தையற்கார அருணாசலம், "சார், ஒரு அண்டா தண்ணியாவது ஊத்திக்காட்டி வருஷம் பிறந்த மாதிரியே இருக்காது" என்றார். சரி, முறைப்படி செய்வோம் என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். கிராம முன்சீப்புக்கு ஒரு விண்ணப்பம், பஞ்சாயத்து போர்டுக்கு ஒன்று, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒன்று. விழா தொடங்கும் நேரம், முடியும் நேரம், குடங்களின் எண்ணிக்கை, தெருவின் வரைபடம். ஒருவரும் பதில் போடவில்லை. முன்சீப் மட்டும் காகிதத்தின் தரத்தைப் பாராட்டியதாகக் கேள்வி. கடைசியில் நாயக்கரிடம் போனேன். அவர் காகிதத்தை இந்தப் புறமும் அந்தப் புறமும் திருப்பிப் பார்த்தார்.

"எந்த சாமிக்கு சார் இது?"

சாமிக்கு இல்லை, வருஷப் பிறப்புக்கு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் விடுவோம், பழைய வருஷத்து அழுக்கு அதோடு போகும் என்றேன்.

"அழுக்கு போவணும்னா குளிச்சா பத்தாதா?"

நியாயமான கேள்வி. முப்பத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்த மாதம் அது. அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு அண்டா எட்த்துக்கங்கோ. சிந்தாம ஊத்துங்கோ" என்றார். தண்ணீர்த் திருநாளைச் சிந்தாமல் நடத்தச் சொல்லி எனக்குக் கிடைத்த ஒரே அனுமதி அதுதான். இன்றுவரை அதை நான் மதிக்கிறேன்.

பர்மாவில் அந்த நாளுக்கென்று பூக்கிற மஞ்சள் பூவுக்குப் பதிலாகச் சாலையோரத்துச் சரக்கொன்றையைப் பெண்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். அது சிவனுக்கு உரிய பூ, பெண்கள் சூடுவதில்லை என்று பிறகு தெரிந்தது. ரேஷன் அரிசியை மிச்சம் பிடித்து இடித்து, உள்ளே பனைவெல்லம் வைத்து உருண்டை செய்தோம். பத்தில் ஒன்றில் வெல்லத்துக்குப் பதில் பச்சை மிளகாய் இருக்கும்; அது அங்கே ஒரு வேடிக்கை. வேடிக்கை பார்க்க வந்த முன்சீப்புக்கு அந்தப் பத்தாவது உருண்டைதான் போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணில் நீர் வழிய, நன்றாயிருக்கிறது என்றார். பெரிய மனிதர்.

பத்தரை மணிக்கு நாயக்கரின் மகன் கன்னியப்பன், ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகளுக்குக் கல் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு எங்கள் தெரு வழியாக வந்தான். வண்டியை நிறுத்தி இறங்கி வேடிக்கை பார்த்தான். கிணறு கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மரியாதை செய்யாமல் விடலாமா? சரோஜா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவன் எதிரே போய் நின்று, பா தின் கற்றுக் கொடுத்தபடியே, "ஊத்தலாமா?" என்று கேட்டாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். இடது தோளில் நிதானமாக விட்டாள். வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். விழா இனிதே முடிந்தது, அசம்பாவிதம் எதுவும் இல்லை என்று நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கிணற்றில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. கப்பி மட்டும் தனியாகத் தொங்கியது.

அருணாசலம் ரயிலடிப் பக்கம் போய் விசாரித்துவிட்டு முகம் வெளுத்து வந்தார். "சார், இங்கே அம்மன் திருநாள் முடிஞ்சா மஞ்சத்தண்ணி ஊத்துவாங்களாம். மொறைப்பொண்ணு மாமன் மவன் மேல, அத்தை மவன் மேலதான் ஊத்துமாம். மொறை இல்லாதவன் மேல ஊத்துனா, அவனைக் கட்டிக்க ஆசைப்படுதுன்னு அர்த்தமாம்" என்றார். கன்னியப்பனுக்கு மாங்காட்டில் பெண் பேசி முடித்திருந்தார்கள். செய்தி நேற்று மாலையே அங்கே போய்விட்டது. அவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வீட்டுக்காரர்களும் என் வாசலில் வந்து நின்றார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு பெரம்பூர்ப் பக்கம் போய்விடலாமா என்று ஒருவர் கேட்டார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சரோஜா உள்ளே உட்கார்ந்து, "நான் கேட்டுட்டுத்தானேப்பா ஊத்தினேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். மூன்று பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதினேன். பின்னணி, நோக்கம், நடந்தது, வருத்தம். அதை எடுத்துக்கொண்டு நாயக்கர் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. குப்பம்மாள்தான் வெளியே வந்தாள்.

"காயிதத்த வெச்சிகினு நா இன்னா பண்றது? ஊத்துனதுதான் ஊத்திச்சி, கேட்டுட்டு வேற ஊத்திச்சாமே உம் பொண்ணு. அந்தக் கேட்டதுதான் ஊரெல்லாம் பேச்சா கீது."

எங்கள் ஊரில் அதுதான் மரியாதை, என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊர் என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் பார்த்தாளே, அதே மேலும் கீழுமான பார்வை. பிறகு சம்பந்தமே இல்லாமல், "ஒனுக்குக் கூடப் பொறந்த பொண்ணு கீதா?" என்று கேட்டாள்.

இருந்தாள் என்றேன். கப்பல், ஜன்னல், ஒரு வாரம், மலைப் பாதை, எல்லாம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. விளக்கக் கடிதத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை. வைக்கோல் உதறும் சத்தம் நின்றுவிட்டது.

"சரி. இன்னிலேர்ந்து நா ஒன் தங்கச்சி. நீ எனுக்கு அண்ணன். அப்ப ஒம் பொண்ணு எம் மவனுக்கு மாமன் மவ. மாமன் மவ வெளையாட்டுக்கு ஊத்துனா எவன் இன்னா கேக்கறது? மாங்காட்டுக்கு இதையே சொல்லி அனுப்பறேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "இன்னா, பாத்துகினு நிக்கிற? ஒம் மச்சான் வந்துகீறாரு" என்றாள்.

நடந்து முடிந்த காரியத்துக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் வழங்குவது என்று ஓர் ஏற்பாடு எல்லா அலுவலகங்களிலும் உண்டு. மேலதிகாரிகளிடமிருந்து அதை வாங்க நான் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். அந்த அம்மாள் உலையில் அரிசி கொதிக்கும் நேரத்துக்குள் எழுதாமலே கொடுத்துவிட்டாள். அதுவும் என் பக்கத்துத் தவறை அழித்து அல்ல. அது தவறே ஆகாதபடி எனக்கு ஓர் இடம் ஒதுக்கி.

நாயக்கர் உள்ளே போனார். ஒரு தவலையும், மடித்த கயிறும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கயிற்றைக் கப்பியில் மாட்டினார், தண்ணீர் சேந்தினார், தவலையில் ஊற்றி இடுப்பிலிருந்து ஒரு பொட்டலம் மஞ்சள் தூளைக் கொட்டிக் கலக்கினார். தெருவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜிப் பேச்சுக்குப் போகிறோமே என்று அன்று நான் அந்தப் பர்மியச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். என்னிடம் நல்ல சட்டை அது ஒன்றுதான்.

"நா கேக்க மாட்டேன் மச்சான்" என்றார் நாயக்கர். தவலை முழுதையும் என் தலையில் கவிழ்த்தார்.

கன்னியப்பனின் கல்யாணம் அந்த ஆவணியில் மாங்காட்டில் நடந்தது. தாய்மாமன் என்று என்னை மணையருகே நிறுத்தி மாலை போட்டார்கள். விண்ணப்பமே போடாமல் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. மணப்பெண் என் காலில் விழுந்து எழுந்தபோது, "ஊத்துனது உங்க பொண்ணுதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் சித்திரைப் பிறப்பன்று ரங்கூன் தெருவில் தண்ணீர்த் திருநாள் நடக்கிறது. எங்கள் வீடுகளிலிருந்து வெறும் தண்ணீர் வரும். நாயக்கர் வீட்டுப் பக்கத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் வரும். முன்சீப் மிளகாய் உருண்டையைத் தேடி எடுத்துத் தின்கிறார். கேட்டுவிட்டு ஊற்றுகிற வழக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டோம்.

யுத்தம் முடிந்து ரங்கூனுக்குக் கப்பல் விடத் தொடங்கிவிட்டார்கள். திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கான படிவத்தை முதல் ஆளாக வாங்கி வந்தவன் நான்தான். பா தின்னிடமிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கிறது. சாவிக்கொத்து பத்திரமாக இருக்கிறதாம், கட்டடம்தான் இல்லையாம்.

முந்தாநாள் திருநாள் முடிந்தது. நாயக்கர் வழக்கம்போலக் கேட்காமலே என் பர்மியச் சட்டை மேல் மஞ்சள் தண்ணீரைக் கவிழ்த்தார். நேற்று காலை என் மனைவி அந்தச் சட்டைக்குச் சோப்புப் போட்டாள். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறி, அலசியதும் மறுபடி மஞ்சளானது. "வெயில்ல போட்டா தானே வெளுத்துடும்" என்று கொடியில் உலர்த்திவிட்டு உள்ளே போனாள். இங்கு வந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று. நான் வாசலில் நாற்காலி போட்டுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், வயது, உத்தியோகம், பர்மாவில் இருந்த காலம், எல்லாம் தடையில்லாமல் ஓடின. 'இந்தியாவில் நெருங்கிய உறவினர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. முன்பெல்லாம் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுத எனக்கு அரை வினாடி பிடிக்கும்.

தெரு முனையில் கப்பி உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை தண்ணீர் கிணற்றுக்குள் விழும் சத்தம். வெயில் கொடிக்கு வந்திருந்தது. ரங்கூனில் தைத்த சட்டையின் இடது தோள் ஓரமாக மஞ்சள் வெளுக்கத் தொடங்கியிருந்தது. படிவத்தின் மேல் மைக்கூட்டை வைத்துவிட்டு எழுந்து போய், சட்டையை எடுத்து நிழலில் மாற்றிப் போட்டேன்.