மஞ்சள் கைமடிப்பு

இதையெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னவன். அமிர்தநாதர் அண்ணையை அறிந்தவர்களே, தூரிகையைக் கையில் பிடித்தபடிதான் அவர் போவார் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். போன மாதம் எஸ்-பான் ரயிலில் நின்றபோது அவருடைய மனைவி மேரி அக்கா அழைத்தார். "தம்பி, உங்கட அண்ணை போயிட்டார். மேசையிலயே சாஞ்சு கிடந்தார்." அழக்கூட எனக்குக் களைப்பாக இருந்தது. மூன்று நிறுத்தம் தாண்டித்தான் இறங்க நினைவு வந்தது.

ஹம்பேர்க்கில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆயுள் முழுக்க வெள்ளைத் துணி மடித்தவர். வீட்டுக்கு வந்தால் ஓர் அங்குல உயர ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளுக்கு நிறம் பூசுவார். பதினேழாம் நூற்றாண்டின் கடைசிக்காலத்து ஐரோப்பியக் காலாட்படை மட்டும்தான். சனிக்கிழமைகளில் ஜெர்மன்காரரின் சங்கத்தில் அவற்றை அணிவகுத்து, தாயக்கட்டை உருட்டிப் போர் நடத்துவார்கள். அங்கே அவரைக் கூட்டிப்போனதே நான்தான். சங்கத் தலைவர் இன்றைக்கும் என்னைக் கேட்காமல் ஒரு பீரங்கியை நகர்த்தமாட்டார்.

எல்லாம் நீலக் கோட்டுத்தானே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "உமக்கென்ன விசரே? கோட்டுக் கைநுனியில இருக்கிற கைமடிப்பைப் பாரும். சிவப்பெண்டா ஒரு ரெஜிமென்ட், வெள்ளையெண்டா வேற. அதில பிழை விட்டா ஆளை மாத்திப் புதைச்ச மாதிரி" என்றார்.

ஆனால் பிரண்டன்பேர்க் என்ற பழைய ஜெர்மன் நாட்டு ரெஜிமென்ட் ஒன்றின் கைமடிப்பு என்ன நிறம் என்று அவரிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாற்பது பேரும் வருடக்கணக்காக வர்ணம் படாத மடிப்போடு அலுமாரியில் நின்றார்கள்.

"என்ன அண்ணை, உங்கட ஆக்களின்ர கை இன்னும் சலவையில கிடக்கே?"

"தெரியாத இடத்தை வெறுமையா விடுறதுதான் மரியாதை, தம்பி."

போன வருடம் அவருக்கு இருதயம் பலவீனமானது. அலுமாரியைப் பார்த்தபடியே படுத்திருப்பார். அந்த நேரம் நான் டிரெஸ்டன் போய் வந்தேன். அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ஓவியம், அதே ரெஜிமென்ட், மேளமடிப்பவனுக்குக்கூட மஞ்சள் கைமடிப்பு என்று விபரமாகச் சொன்னேன்.

"உண்மையாவே?"

"ஓம் அண்ணை, ரெண்டு கண்ணாலயும் பாத்தனான்."

எழும்பி உட்கார்ந்தார். நாற்பது பேர், எண்பது மடிப்பு. ஒன்றுவிடாமல் முடித்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை.

செத்த வீட்டில் சங்கத் தலைவர் வந்து, அந்த ரெஜிமென்ட்டைப் பெயர் அட்டையோடு கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாகச் சொன்னார். மற்றவர்களும் இனி மஞ்சளே பூசுவார்களாம். "அந்தப் படம் எந்த அறையில எண்டு கேக்கினம், சொல்லுங்கோ தம்பி" என்றார் அக்கா. அந்தச் சிப்பாய்களை எடுத்துவைத்திருந்த பெட்டியின் மூடியில் அண்ணையின் கையெழுத்து: 'மஞ்சள். தம்பி நேரில் பார்த்தது.' அக்கா அதிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்து என் கையில் வைத்தார். இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவன்தான்.

நான் அளந்த கதைகள் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் சிரித்தார். இதைமட்டும் எழுதிவைத்துவிட்டார். ஆகவே, சங்கத்துக்காரர்களே, அந்த அட்டையில் நிறத்தின் இடத்தை வெறுமையாக விடுங்கள். டிரெஸ்டனில் அன்று நல்ல மழை. நான் புகையிரத நிலையத்தை விட்டு வெளியே போகவேயில்லை.