எரியாவிட்டால் என்ன செய்வது?

வயது எழுபத்தேழு. வளர்த்தது ஐந்து பேரை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன் — ஆனாலும் போன மாதம் கம்ப்யூட்டருக்கே எழுதினேன், தெரியுமா?

துவாக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிற பேத்தி மதி, தனியாக இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு பெட்டி செய்தாள். சமையலறை விளக்கு எரிகிறதா என்று அது பார்க்கும்; சொல்லிவைத்தால் யாரையாவது போனில் எழுப்பும். அதற்கு உத்தரவு போட அவளே ஒரு குட்டி மொழியும் கட்டினாள். மொத்தமே இருபது தமிழ் வார்த்தை.

“நீங்க இதுல எழுதுங்க அப்பாயி. நிஜ புரோகிராமை அதுவே எழுதிக்கும்.”

எழுதினேன். ‘காலை ஆறு மணிக்குள் விளக்கு எரிந்தால் சும்மா இரு.’

பெட்டி ஏற்கவில்லை. ‘எரியாவிட்டால்?’ என்று கேட்டது.

விடிந்தும் விளக்கு எரியாத வீட்டைப் பற்றி எழுதுவதா? வாயில் வராத வார்த்தை கையில் மட்டும் வருமா? ‘எரியாவிட்டால் சும்மா இரு’ என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது. மேல் வீட்டுச் செல்லம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் பெட்டிக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன். “சரி பார்க்கவா?” என்றாள் மதி. “ஏன், எனக்கு எழுதத் தெரியாதா?” என்றேன்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணி. மாடிப்படி பெருக்குகிற ராணி ஓடி வந்தாள்.

“மேல் வீட்டம்மா இன்னும் பால் பாக்கெட்டை எடுக்கலீங்கம்மா!”

கதவை உடைத்தோம். சமையலறை வாசலில் கிடந்தாள் செல்லம்மா. இடுப்பு அசையவில்லை. ஐந்தரைக்கு விழுந்தாளாம்...

“ஏங்க்கா, உங்க பெட்டி தூங்கிடுச்சா?” — அந்த வலியிலும் கிண்டல்.

அது தூங்கவில்லை. விளக்கு எரியாததைப் பார்த்தது. நான் சொன்னபடியே சும்மா இருந்தது.

மதி திட்டவில்லை. “தப்பு எம்மேல அப்பாயி. ரெண்டுக்கும் ஒரே பதிலை எழுத விட்டிருக்கக் கூடாது” என்றாள். ஆனால் அவள் மொழி கேட்க வேண்டியதைக் கேட்டதே? பதில் சொல்லாதது நான்தானே?

நம் வழக்கமே அதுதான். நடந்தால் என்ன செய்யலாம் என்று நாள் முழுக்கப் பேசுவோம். நடக்காவிட்டால்...? ‘அச்சானியமாப் பேசாதே’ என்று வாயைப் பொத்துவோம்.

நேற்று மாற்றி எழுதினேன். அவள் வீட்டில் எரியாவிட்டால் என்னை எழுப்பு. என் வீட்டில் எரியாவிட்டால் மதியை எழுப்பு.

செல்லம்மா தென்னூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நாளைக்கு ஆபரேஷன். நான் எழுதிய வரி அவளுக்கு இன்னும் தெரியாது. கண் விழித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

விழிக்காவிட்டால்?

இன்றைக்கே போகிறேன். மதி, இங்கே வா. முதல் வரியிலிருந்து இதுவரை நான் எழுதின இதைத் திரும்பப் படி — அவகிட்டச் சொல்றப்போ ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது.