வெயில் பக்கம்

திரைச்சீலை தைக்கிறவர்களுக்கு வெயிலின் போக்குவரத்து அத்துப்படியாக இருக்க வேண்டும். காலை வெயில் எட்டிப் பார்க்கும் அறைக்கு மெல்லிய துணி போதும். மாலை வெயில் சுவரையே சுடும் அறைக்கு உள்துணி வைத்துத் தைக்க வேண்டும். அளவெடுக்கப் போகும் வீட்டில் மற்றவர்கள் உட்கார நாற்காலி தேடுவார்கள். இந்தத் தையல்காரம்மா நேராக ஜன்னலருகே போய் நிற்பார். "வெயில் எந்தப் பக்கம் வரும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, வணக்கம்கூட அதற்கு அப்புறம்தான்.

கேமராவைக் கையில் எடுத்தபோதும் அந்தக் கேள்வி கூடவே வந்துவிட்டது. அதனால்தான் கப்பல் குழுவில் அவருக்கு 'வெயிலக்கா' என்று பெயர் விழுந்தது.

கப்பல் குழு என்றால் பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. கரையோரமாக ஊருக்கு ஊர் ஆட்களை ஏற்றி இறக்கிப் போகும் பயணிகள் கப்பல்களைப் படம் எடுத்து, கைப்பேசியில் போட்டு, அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பளுதூக்கி ஓட்டுநர், ஒரு பௌதிக ஆசிரியர், ஒரு ரொட்டிக்கடைக்காரர், இன்னும் இப்படிச் சிலர். வெயிலக்காவின் தையல் இயந்திரம் கடையின் பின்பக்க ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே துறைமுகம். ஊசியில் நூல் கோர்க்கத் தலை நிமிரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கும். அப்படித்தான் கப்பல் பைத்தியம் பிடித்தது.

அந்தத் துறைமுகத்துக்கு வழக்கமாக வருபவை இரண்டு. ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வார்த்தவை. ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், மிதக்கும் வெள்ளைப் பெட்டி. குழுவில் ஒன்றுக்கு 'மூத்தது', மற்றதுக்கு 'இளையது' என்று பெயர். மூத்ததின் புகைக்கூண்டில் ஒட்டுப்போட்ட தகடு ஒன்று உண்டு. அது தெரியாதபடி எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, இது மூத்ததா இளையதா என்று ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"கப்பலுக்கு ஜாதகம் எழுதுற ஒரே பொம்பளை நீதான்" என்பார் கணவர். அவர் தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர்.

"நீங்க ஒழுகுற குழாயைப் பார்த்தா விடுறீங்களா? கல்யாண வீட்டுலகூடக் குனிஞ்சு பார்க்கிறீங்க."

"அது தொழிலுடி."

"இது தொழில் இல்லாததாலதான் இன்னும் நல்லாப் பார்க்கிறேன்."

குழுவில் எழுதி வைக்காத சட்டங்கள் இருந்தன. கப்பல் மூக்கு முதல் வால்வரை முழுசாகப் படத்துக்குள் இருக்க வேண்டும். வெயில் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். கம்பியோரம் ஆட்கள் நின்றால் கொஞ்சம் பொறுத்து, அவர்கள் நகர்ந்த பிறகு எடுக்க வேண்டும். இந்தச் சட்டங்களுக்குக் காவல் வெயிலக்காதான். மீறுவதற்கென்றே பிறந்தவர் ரொட்டிக்கடைக்காரர். காலை அடுப்பு வேலை முடிந்ததும் மாவு அப்பிய சட்டையோடு துறைக்கு ஓடுவார். நின்ற இடத்தில் நின்று, கைப்பேசியால் ஒரு தட்டு. கப்பல் சாய்ந்திருக்கும், வெயில் எதிரில் இருக்கும், படம் முழுக்க இருட்டடித்திருக்கும்.

"தம்பி, இது கப்பலா, நீங்க அடுப்புல மறந்து விட்ட ரொட்டியா?" என்று ஒருமுறை வெயிலக்கா எழுதினார். குழு இரண்டு நாள் சிரித்தது. ரொட்டிக்கடைக்காரரும் சேர்ந்துதான் சிரித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு வேலை கிடைத்தது. கடற்கரையோடு தெற்கே போனால் ஒரு நாள் பயணத்தில் வரும் ஊரில், ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில். ஒரே பிள்ளை. வீட்டைவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கினதில்லை. கப்பலில் போவது என்று முடிவானது.

புறப்படுவதற்கு முந்தின நாள் குழுவில் ஒரு செய்தி வந்தது. மூத்ததைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறார்கள். அதற்குப் பதிலாக வேறு கரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய கப்பல் வருகிறது. சாய்ந்த புகைக்கூண்டு, மேலே திறந்த தளம். குழுவில் யாரும் நேரில் பார்க்காத கப்பல். அதுவும் மகள் ஏறப்போகும் அதே காலைக் கப்பல்!

வெயிலக்காவுக்கு வாயெல்லாம் பல். மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே கவனித்தாள்.

"என்னை அனுப்பி வைக்க வர்றியா, கப்பலைப் பார்க்க வர்றியா?"

"ரெண்டுக்கும்தான். ஏன், ஒண்ணுக்கு வந்தா இன்னொண்ணு ஆகாதா?"

மகள் சிரிக்கவில்லை. ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அம்மா, எனக்கு உள்ளுக்குள்ள உதறுது. ஏறின பிறகு இறங்கி ஓடி வந்துடுவேனோன்னு இருக்கு. கப்பல் நகரும்போது நீ என் கண்ணுல படணும். அது போதும்."

"படாம எங்கே போயிடப்போறேன்? நீ மேல்தளத்துக்கு வந்து நில்லு. நான் பார்க்கிறேன்."

எந்தப் பக்கம் என்று இருவருமே சொல்லவில்லை. மகளுக்கு அது கேட்கவே தேவையில்லாத விஷயம். வழியனுப்ப வந்தவர்கள் துறையில்தான் நிற்பார்கள். வெயிலக்காவுக்கும் கேட்கவே தேவையில்லாத விஷயம். காலையில் வெயில் கிழக்கே, துறை இருப்பது மேற்கே. மூளை உள்ள யாராவது எதிர்வெயிலில் போய் நிற்பார்களா? துறைக்கு எதிரே அலைதடுப்புச் சுவர் நீண்டு கிடந்தது. அதன் முனையை உரசிக்கொண்டுதான் கப்பல் வெளியே போகும். அங்கே நின்றால் வெயில் முதுகில் இருக்கும், மகளும் நெடுநேரம் கிட்டத்தில் தெரிவாள். நினைக்க நினைக்க அது நல்ல யோசனையாகவே பட்டது.

மறுநாள் வாசலில் மகளைக் கட்டிப்பிடித்து அனுப்பினார். கணவர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, குழாய் உடைந்த ஒரு வீட்டுக்கு ஓடினார். வெயிலக்கா சுவர்மேல் வேகவேகமாக நடந்தார்.

கப்பல் வந்தது. அந்தச் சாய்ந்த புகைக்கூண்டை என்னவென்று சொல்வது! வெள்ளைப் பக்கவாட்டில் வெயில் பால் ஊற்றியதுபோல் விழுந்திருந்தது. மூக்கு முதல் வால்வரை அப்படியே அடங்கியது. கம்பியோரம் ஒரு தலைகூட இல்லை. கை தானாகவே பொத்தானை அழுத்தியது. சுத்தமான படம். இருபது வருஷத்தில் இப்படி ஒன்று கிடைத்ததில்லை.

கப்பல் முனையைத் தாண்டிப் போன பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது. கம்பியோரம் ஒரு தலைகூட இல்லை.

அன்று சாயங்காலம் மகள் பேசினாள். ஊர் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"ஏம்மா வரல?"

"வந்தேன்டி! சுவர் முனையில நின்னேன். நீதான் அந்தப் பக்கம் வரவே இல்லை."

"சுவர் முனையிலயா? எல்லார் வீட்டு ஆளுங்களும் துறையில நின்னாங்க. நீ ஏன் அங்கே போனே?"

வெயில் என்று சொல்ல வெயிலக்காவுக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே மகளுக்குப் புரிந்துவிட்டது.

"படம் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு."

"சரிம்மா. வச்சிடறேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதற்கப்புறம் மகள் தினமும் பேசினாள்தான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வேலை எப்படி, பரவாயில்லை. இஸ்திரி போட்ட துணிபோல் மடிப்புக் கலையாத பேச்சு. வீட்டில் இருந்தபோது சண்டை போட்டே பேசிப் பழகிய பெண் அவள். இந்த மரியாதை வெயிலக்காவுக்குப் புதிது. கேமராவைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அந்தச் சுத்தமான படத்தைக் குழுவில் போடவும் இல்லை.

குழு அவரைத் தேடியது. "வெயிலக்கா, சாய்ஞ்ச கூண்டு கிடைச்சுதா?" பதில் இல்லை. கடைசியில் ரொட்டிக்கடைக்காரர், யாருமே போடாவிட்டால் நானாவது போடுகிறேன் என்று தன் படத்தைப் போட்டார். அதே காலை. துறையிலிருந்து எடுத்தது. எதிர்வெயில், வழக்கம்போல் இருட்டு, கப்பல் ஒரு பக்கமாகக் கவிழப்போவதுபோல் சாய்வு. எல்லாரும் வெயிலக்காவின் நக்கலுக்காகக் காத்திருந்தார்கள்.

வெயிலக்கா கடையில் அறுந்த நூலைக் கோர்த்துக்கொண்டிருந்தார். படத்தை விரல்களால் பெரிதாக்கினார். கம்பியோரம் வரிசையாகக் கறுப்பு உருவங்கள். முகம் எதுவும் தெரியவில்லை. ஒன்று மட்டும் கையை உயரத் தூக்கியிருந்தது. தோளில் சதுரமாக ஒரு பை, அளவுக்கு மீறி நீளமான வார். அந்தப் பையை வெட்டி மிஞ்சிய துணிகளை இணைத்துத் தைத்ததே அவர்தான். வார் நீளமாகிவிட்டது என்று மகள் தைத்த அன்றே சண்டை போட்டாள்.

இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ரொட்டிக்கடைக்கு நடந்தார்.

"வாங்கக்கா! திட்டுறதுக்கு நேர்லயே வந்துட்டீங்களா?" ரொட்டிக்கடைக்காரர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் படம். கையைத் தூக்கிட்டு நிக்கிறது என் பொண்ணு."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அந்தப் பொண்ணா? ஐயோ, அக்கா. மத்தவங்கெல்லாம் கொஞ்ச நேரத்துல கையைப் போட்டுட்டு உள்ளே போயிட்டாங்க. அது மட்டும் தூக்கின கையைக் கீழேயே விடல. இங்கே யாரையோ தேடிக்கிட்டே இருந்துச்சு. பதிலுக்கு ஒருத்தரும் கை காட்டலையேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான்தான் கையை ஆட்டினேன். அதான் படம் கோணிப்போச்சு."

வெயிலக்கா கண்ணாடிப் பெட்டிமேல் விழுந்து கிடந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒரு ஓரமாகக் கூட்டினார்.

"கப்பல் மறையிற வரைக்கும் ஆட்டினீங்களா?"

"கை வலிக்கிற வரைக்கும். மாவு பிசையிற கை, சீக்கிரம் வலிக்காது."

அன்று மாலை வெயிலக்காவே மகளைக் கூப்பிட்டார். சாப்பாட்டு விசாரணை இல்லாமல் நேராக ஆரம்பித்தார். "நீ கையைக் கீழே போடவே இல்லையாம். இப்பத்தான் தெரிஞ்சுது. எனக்கு வெயில்தான் பெரிசாப் போச்சுடி. நான் நின்ன இடம் தப்பு."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "யாரு சொன்னது?"

"ரொட்டிக்கடைக்காரரு. அவரு படத்துல இருக்கே நீ. கருகின ரொட்டி மாதிரி."

"ஓ, அவரா! சட்டையெல்லாம் மாவா ஒரு ஆளு நிறுத்தாமக் கையை ஆட்டிட்டே இருந்தாரு. யாருடா இது, நமக்குத் தெரியாத மாமான்னு பார்த்தேன்." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "உண்மையைச் சொல்லட்டுமா? அவரு மட்டும் ஆட்டலைன்னா நான் அடுத்த ஊர்லயே இறங்கியிருப்பேன். ஆனா அந்தப் பை வார் நீளம்மா. எல்லாக் கதவுலயும் மாட்டுது."

வார் நீளம் என்று மகள் குறை சொன்னதைக் கேட்டு வேறெந்தத் தாயும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

விடுமுறைக்கு மகள் வந்தாள், மாலைக் கப்பலில். வெயிலக்கா இந்த முறை துறையில் முதல் ஆளாக நின்றார். கப்பல் நெருங்கியது. துறைப் பக்கக் கம்பியில் மகள் இல்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் இல்லை. ஏணியில் இறங்கி வந்தவள் முகம் உப்பியிருந்தது.

"எங்கேம்மா நின்னே? நான் சுவர் முனையையே பார்த்துட்டு வர்றேன்!"

"சாயங்காலம் வெயில் மேற்கேடி! இத்தனை வருஷம் என்கூட இருந்து இதுகூடத் தெரியாதா?"

"உன்கூட இருக்கிறதுக்கு நான் வானசாஸ்திரம் படிக்கணுமா?"

துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சண்டை போட்டார்கள். கணவர் பெட்டியை எடுத்துக்கொண்டு, தெரியாதவர்போல் முன்னால் நடந்தார்.

திரும்பிப் போகும் காலையில், கப்பல் ஏறுமுன் மகள் அம்மாவின் தோளைத் தொட்டாள். "இந்தத் தடவை வாயால சொல்லிக்குவோம். நீ எங்கே?"

"துறையிலதான்."

"வேணாம். முனைக்குப் போ. அங்கேதான் கிட்டத்துல வரும். நான் வெயில் பக்கம் நிக்கிறேன்."

வெயிலக்கா சுவர் முனையில் நின்றார். கப்பல் வந்தது. மூத்ததுதான், ஒட்டுத் தகடு பளபளத்தது. கம்பியோரம் ஒரே ஒருத்தி, நீள வார்ப் பையோடு, கையை உயரத் தூக்கியபடி. முகத்தில் வெயில். கண் கூசுவதுகூடத் தெரிந்தது. வெயிலக்கா வலது கையால் கேமராவைப் பிடித்து அழுத்திக்கொண்டே, இடது கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

படத்தை அன்றே குழுவில் போட்டார். கப்பல் சாய்ந்திருந்தது. மூக்கு வெட்டுப்பட்டிருந்தது. கம்பியோரம் ஆள் வேறு. கடைசியில் ரொட்டிக்கடைக்காரர்தான் எழுதினார்.

"வெயிலக்கா, கப்பலோட மூக்கு எங்கே?"

"படம் எடுக்க ஒரு கைதான் மிச்சம் இருந்துச்சு தம்பி" என்று பதில் எழுதிவிட்டு, வெயிலக்கா ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினார்.